அம்மாவின் குரலும் ஐந்து கம்பிகளும்

பரணில் ஏறினால் பழைய பிஸ்கட் டின் ஒன்று கண்ணில் படாத வீடு நம்மவர்களில் அநேகமாக இருக்காது. சிலர் வீட்டில் அதில் கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். சிலர் வீட்டில் பொத்தான்களும் ஊசி நூலும். எங்கள் மாதுங்கா வீட்டு டின்னில் 11 கேஸட்டுகள் இருந்தன. பாட்டுக் கேஸட்டுகள் அல்ல. கடிதங்கள்.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1982-இல் தொலைபேசித் துறையில் வேலை கிடைத்து நான் பம்பாய்க்கு வந்துவிட்டேன். அடுத்தவரிடம் சொல்லி எழுதவைக்கும் கடிதத்தில் மகனிடம் என்னத்தைச் சொல்வது? "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் வளைகுடாவிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தான். அதன் பிறகு அம்மா மத்தியான வேளையில் திண்ணையில் உட்கார்ந்து அதனோடு பேசத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வருகிறவர் யாராவது அந்தக் கேஸட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 1984 முதல் 1991 வரை அப்படி வந்தவை அந்த 11 கேஸட்டுகள்.

எங்கள் மேல்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பையன் என்ஜினீயரிங் படிக்கிறான். தமிழ் பேசுவான், பாதிக்குப் பாதி இந்தி கலந்து. அவன்தான் போன வருஷம் அந்தக் கேஸட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். சந்தோஷமாகக் கேட்க உட்கார்ந்தேன். லாப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. 1988-இல் நானே பூட்டிய பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஹாலில் இருக்கிறது. லாப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து அதற்கு ஒரு கம்பி இழுத்தேன். மவுஸை நகர்த்தினால் "கீச்" என்றது. அதற்கு அடியில் ஓயாத ஓர் உறுமல். அம்மாவோ மெல்லப் பேசுகிறவர்கள். எனக்கும் வயது 65. முன்போலக் காது இல்லை.

"அங்கிள், வெளியே ஒரு டி.ஏ.சி. போட்டா சரியாயிடும். நாமே பண்ணலாம்" என்றான் பையன்.

பண்ணினோம். பண்ணும்போது ஐந்து இடத்தில் இடறினோம். அந்த ஐந்தையும் இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் துடிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நான்கும் உதவும். ஐந்தாவது இடறல் அயர்னைத் தொடாதவர்களுக்கும் சேர்த்து.

டி.ஏ.சி. செய்யும் வேலை

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாட்டு உண்மையில் எண்களின் வரிசை. 1982-இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்கின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒலி அலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடது, வலது என்று இரண்டு பக்கம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 14,11,200 பிட்டுகள். இந்த எண்களை வாங்கி மறுபடியும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றுவதுதான் டி.ஏ.சி. அந்த மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்குகிறது, ஸ்பீக்கர் அசைகிறது, நமக்குக் குரல் கேட்கிறது.

லாப்டாப்புக்குள்ளேயே ஒரு டி.ஏ.சி. இருக்கிறது. ஆனால் அது ஆயிரம் வேலை நடக்கும் சந்தைக்கு நடுவே உட்கார்ந்து வீணை வாசிப்பது போல. பக்கத்தில் ஓடும் சர்க்யூட்டுகளின் இரைச்சல் அதில் ஏறிவிடும். மவுஸை நகர்த்தினால் கேட்ட "கீச்" அதுதான்.

வெளியே வைப்பதற்கு இரண்டு சிறிய பலகைகள் வேண்டும். ஒன்று யு.எஸ்.பி. பலகை. கம்ப்யூட்டரிடமிருந்து எண்களை வாங்கி, சீரான தாளத்தில் அடுத்த பலகைக்குக் கொடுக்கும். இரண்டாவது டி.ஏ.சி. பலகை. நாங்கள் எடுத்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.ஸி.எம். 5102 சிப் வைத்த பலகை. தாதரில் வண்டி மாறி கிரான்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, லாமிங்டன் ரோட்டில் இரண்டையும் வாங்கினோம். அந்தத் தெருவுக்கு நான் முதலில் போனது ஆம்ப்ளிஃபயர் சாமான் வாங்க. இப்போது கடைக்காரரின் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து கம்பிகள்

இரண்டு பலகைகளும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு ஐ-ஸ்கொயர்-எஸ் என்று பெயர். 1986-இல் ஃபிலிப்ஸ் கம்பெனி வகுத்த முறை. அதில் மூன்று கம்பிகள் முக்கியம்.

பிட் க்ளாக், அதாவது பி.ஸி.கே. என்ற கம்பி தாளம் போடுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிட். இடது வலது க்ளாக் என்ற இரண்டாவது கம்பி, இப்போது வருவது இடது பக்கத்து எண்ணா, வலது பக்கத்து எண்ணா என்று சொல்கிறது. மூன்றாவது, டேட்டா. எண்கள் வருவது அதில்தான். இவற்றோடு ஒரு கிரவுண்ட் கம்பி, டி.ஏ.சி. பலகைக்கு 5 வோல்ட் கொடுக்க ஒரு கம்பி. ஆக மொத்தம் ஐந்து.

மூன்று விஷயங்களை இங்கே மறக்கக் கூடாது. கம்பிகள் குட்டையாக இருக்க வேண்டும். நாங்கள் ஒரு சாண் நீளத்துக்குள் வைத்தோம். அதிலும் பாதி போதும். கிரவுண்ட் கம்பி மற்றவற்றோடு ஒட்டியே போக வேண்டும். 5 வோல்ட் பலகையின் மின்சார நுழைவாயிலுக்கு மட்டுமே போக வேண்டும். சிப்பின் மற்ற கால்கள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றில் 5 பட்டால் சிப் போய்விடும்.

டெலிஃபோன்காரன் முறை

எல்லாவற்றையும் பூட்டி, லாப்டாப்பில் செருகி, அம்மாவின் முதல் கேஸட்டைப் போட்டேன். ஒன்றும் இல்லை.

"ஆவாஸ் வரலியே, அங்கிள்" என்றான் பையன். சொல்லிக்கொண்டே மூன்று கம்பிகளைப் பிடுங்கி மாற்றிப் போட ஆரம்பித்தான்.

"கையை எடுப்பா" என்றேன்.

டெலிஃபோன் டிபார்ட்மென்டில் 38 வருஷம் இருந்தவன் நான். ஒருவர் ஃபோன் செத்துவிட்டது என்று புகார் வந்தால் எல்லாக் கம்பிகளையும் பிடுங்க மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். என்ற சட்டத்தில் முதலில் பார்ப்போம். அங்கே டோன் இருந்தால், அடுத்தது தெருவோரப் பில்லர். அங்கேயும் இருந்தால் கட்டடத்தின் டி.பி. பெட்டி. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் போவோம். எந்த இடம் வரை உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், கோளாறு அதற்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில்தான். இன்னொரு விதியும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியாயிற்று என்று தெரியாது. நாளைக்கு மறுபடியும் கெட்டால் முதலிலிருந்து தேட வேண்டும்.

கம்ப்யூட்டரிலிருந்து காது வரை நடந்தே போவோம் என்று பையனிடம் சொன்னேன்.

முதல் இடறல்: கேபிள்

கம்ப்யூட்டர் அந்த யு.எஸ்.பி. பலகையைப் பார்க்கிறதா? சவுண்ட் பட்டியலில் அதன் பெயரே இல்லை. ஆனால் பலகையில் விளக்கு எரிகிறது. இது எப்படி?

யு.எஸ்.பி. கேபிளுக்குள் வழக்கமாக நான்கு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. மொபைல் சார்ஜ் செய்ய மட்டும் விற்கும் சில கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருக்காது. பையன் கொண்டுவந்தது அந்த ஜாதி. விளக்கு எரியும், பேச்சு நடக்காது. பிரிண்டர் கேபிளை மாற்றினோம். பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் வேகமான யு.எஸ்.பி. பலகைகளுக்கு விண்டோஸில் தனி டிரைவர் இல்லாமல் ஓடும் வசதி 2017-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தியது என்றால் பலகை செய்தவர் கொடுக்கும் டிரைவரை ஏற்ற வேண்டும்.

இரண்டாவது இடறல்: ஒரே பெயர், இரண்டு ஆள்

பெயர் வந்தது, குரல் வரவில்லை. அடுத்த நிறுத்தம், இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் கம்பிகள்.

ஆஸில்லாஸ்கோப் நம்மிடம் கிடையாது. சாதாரண மல்டிமீட்டர் போதும். க்ளாக் கம்பியில் மின்னழுத்தம் 0-வுக்கும் 3.3-க்கும் நடுவே சரிபாதி நேரம் மேலே, சரிபாதி நேரம் கீழே என்று துள்ளுகிறது. டி.ஸி. வோல்ட்டில் வைத்த மீட்டர் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாமல் சராசரியைக் காட்டும். அதாவது ஏறக்குறைய 1.65 வோல்ட். அந்த எண் தெரிந்தால் க்ளாக் ஓடுகிறது. 0 அல்லது 3.3-இல் அசையாமல் நின்றால் ஓடவில்லை. பாட்டை ஓடவிட்டு அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சில பலகைகள் க்ளாக்கை நிறுத்திவிடும்.

டி.ஏ.சி. பலகையின் கால்களில் அளந்தோம். இடது வலது க்ளாக்கில் 1.65 இருந்தது. பி.ஸி.கே. காலில் 0. எஸ்.ஸி.கே. என்ற காலிலோ 1.65!

நடந்தது இதுதான். யு.எஸ்.பி. பலகையில் எஸ்.ஸி.கே. என்று ஒரு முனை. டி.ஏ.சி. பலகையிலும் எஸ்.ஸி.கே. என்று ஒரு முனை. பெயருக்குப் பெயர் பொருத்திப் பூட்டிவிட்டோம். ஆனால் ஃபிலிப்ஸ் வகுத்த முறையில் எஸ்.ஸி.கே. என்றால் பிட் க்ளாக். பி.ஸி.எம். 5102-இல் எஸ்.ஸி.கே. என்றால் ஸிஸ்டம் க்ளாக். அது அதைவிட வேகமான, வேறொரு தாளம். ஊரில் "மாமா" என்றால் அம்மாவின் உடன்பிறந்தவர். இங்கே தெருவில் பையன்கள் "மாமா ஆயா" என்று ஓடினால் வருகிறவர் போலீஸ்காரர். அதே குழப்பம்தான்.

யு.எஸ்.பி. பலகையின் எஸ்.ஸி.கே. கம்பியை எடுத்து டி.ஏ.சி.யின் பி.ஸி.கே. காலில் வைத்தோம். பலகையில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள்; அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாவது இடறல்: வாயைக் கட்டிய சிப்

மூன்று கம்பிகளிலும் உயிர் இருக்கிறது. இன்னமும் மௌனம்.

இந்தச் சிப்பில் எக்ஸ்.எஸ்.எம்.டி. என்று ஒரு கால் உண்டு. அதில் 3.3 வோல்ட் இருந்தால் சிப் பேசும். 0 இருந்தால் வாயை மூடிக்கொள்ளும். மீட்டர் 0 காட்டியது. பலகையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நான்கு இடத்தில் ஈயப் பொட்டு வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மேல் பக்கமா, கீழ் பக்கமா என்று நாம்தான் ஈயம் வைத்து முடிவு செய்ய வேண்டும். எங்களுடையதில் ஒன்றிலும் ஈயம் இல்லை. எக்ஸ்.எஸ்.எம்.டி. மேல் பக்கம், மற்ற மூன்றும் கீழ் பக்கம். அதில் எஃப்.எம்.டி. என்பது பாஷையைக் குறிப்பது. அது கீழே இருந்தால் ஐ-ஸ்கொயர்-எஸ். மேலே போனால் சிப் வேறு முறையில் எண்களைப் படித்து, குரல் உடைந்து கரகரக்கும்; இடதும் வலதும் இடம் மாறும்.

கடுகு அளவு இடம். என் கை நடுங்கியது. "குடுங்க அங்கிள்" என்று பையன் வாங்கி நான்கு பொட்டும் வைத்தான். 1988-இல் நான் வைத்த சால்டரைவிட நன்றாகவே இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் சொன்னேன்.

நான்காவது இடறல்: தொங்கும் கால்

இப்போது குரல் வந்தது. "ஏலே, நல்லா இருக்கியா? அங்க மழ பேஞ்சுதா?" என்று அம்மா கேட்கிறார்கள். ஆனால் நடுநடுவே "பட் பட்" என்று வெடிப்பு. கையைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெடிப்பு கூடுகிறது.

கை பக்கத்தில் வந்தால் மாறுகிறது என்றால், எங்கோ ஒரு கால் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். எஸ்.ஸி.கே. காலிலிருந்து கம்பியை எடுத்தோமே, அதை அப்படியே விட்டுவிட்டோம். அது காற்றில் வரும் இரைச்சலையெல்லாம் பிடித்து, தாளம் வருகிறது என்று சிப்பை ஏமாற்றுகிறது. அந்தக் காலைக் கிரவுண்டில் சேர்த்தால், "வெளியிலிருந்து ஸிஸ்டம் க்ளாக் இல்லை, நீயே உண்டாக்கிக்கொள்" என்று சிப்புக்குச் சொன்னதாக ஆகும். பி.ஸி.கே.யிலிருந்து அது தானே தயாரித்துக்கொள்ளும். ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தோம். வெடிப்பு நின்றது.

ஐந்தாவது இடறல்: உறுமல்

"கீச்" போய்விட்டது. வெடிப்பு போய்விட்டது. ஆனால் அந்தப் பழைய உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா பேசி நிறுத்தி மூச்சு விடும் இடங்களில் எல்லாம் "ம்ம்ம்ம்" என்று நிரம்பி நின்றது.

எங்கள் முறைப்படியே தேடினோம். டி.ஏ.சி.யின் கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றினால் உறுமல் இல்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயர் குற்றவாளி அல்ல. மறுபடி செருகி, லாப்டாப்பின் சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்தோம். பேட்டரியில் ஓடும்போது உறுமல் இல்லை. சார்ஜரைச் செருகினால் உடனே வருகிறது.

பையன் மொபைலில் எதையோ பார்த்தான். "அங்கிள், இது கிரவுண்ட் லூப். ஆம்ப்ளிஃபயர் பிளக்கில மூணாவது பின் இருக்கே, பெரிசு, அதைக் கழட்டிட்டா போயிடுமாம்." ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துவிட்டான்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அவனைத் தடுக்கவில்லை. அம்மாவின் குரலுக்கும் எனக்கும் நடுவே அந்த ஓர் உறுமல்தான் பாக்கி என்ற அவசரம்.

அப்போது சமையலறையிலிருந்து காபியோடு வந்த என் மனைவி, "என்னங்க, அந்த லாப்டாப் சார்ஜர் மாட்டியிருக்கப்ப தொட்டா சுர்ருன்னு இருக்குன்னு நாலு மாசமா சொல்றேனே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்றாள்.

பையன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே வைத்தேன்.

நாலு மாசமாகச் சொன்னாள்தான். "லாப்டாப் எல்லாமே அப்படித்தான்" என்று நான் சொல்லிவிட்டேன். மூன்று பின் உள்ள லாப்டாப் சார்ஜருக்குள் சின்னக் கண்டென்ஸர்கள் இருக்கின்றன. இரைச்சலை வடிகட்ட வைத்தவை. அவை வழியாக மிகச் சிறிய மின்சாரம் எப்போதும் எர்த் கம்பிக்குள் கசிந்து போகும். அது இயல்பு. ஆனால் சுவர் பிளக்கில் எர்த் கம்பி அறுந்திருந்தால்? கசிவுக்குப் போக வழி இல்லை. லாப்டாப்பின் உலோகத்தில் ஏறி நிற்கும். யாராவது தொட்டால் அவர்கள் உடம்பு வழியே "சுர்" என்று இறங்கும். யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் அதன் கறுப்புக் கம்பி, டி.ஏ.சி.யின் கிரவுண்ட், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கம்பியின் மேலுறை என்று வழி கண்டுபிடித்து, எதிர்ச் சுவரில் நல்ல எர்த் உள்ள பிளக்குக்குப் போய்ச் சேரும். பாட்டு போகும் கம்பியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் சேர்ந்து நடக்கிறது. அதுதான் உறுமல்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னைக் கழற்றியிருந்தால் அந்த வழி அடைபட்டு உறுமல் நின்றிருக்கும். நாங்களும் ஜெயித்துவிட்டோம் என்று கை தட்டியிருப்போம். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 1988-ஆம் வருஷத்து ஆம்ப்ளிஃபயர் எர்த் இல்லாமல் நின்றிருக்கும். என்றைக்காவது உள்ளே ஒரு கம்பி உரசினால் பெட்டி முழுவதும் மின்சாரம். அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் என் பேத்தி பாட்டு கேட்பாள்.

டெலிஃபோன் லைனில் 48 வோல்ட். வீட்டு லைனில் 230. அதில் பழகிய கை இதில் விளையாடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். லாப்டாப் சார்ஜர் மாட்டும் பிளக்கில் அளந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 சரியாக இருந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். மீட்டர் எங்கோ கீழே தடுமாறிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றினால், பச்சைக் கம்பி திருகாணியிலிருந்து களிம்பேறி அறுந்து தனியே நிற்கிறது. கடல் காற்றும் நம் ஊர் மழையும் எத்தனை வருஷத்தில் செய்த வேலையோ. அந்தப் பிளக்கில்தான் என் மனைவி தினமும் இஸ்திரிப் பெட்டி போடுகிறாள்.

கம்பியை வெட்டி, சுத்தம் செய்து, திருகி முடிக்க அரை மணி கூட ஆகவில்லை. வீட்டிலுள்ள மற்றப் பிளக்குகளையும் பார்க்கச் சொன்னோம். குளியலறை கெய்ஸர் பிளக்கில் எர்த் திருகாணி லூஸாக இருந்தது. அதையும் இறுக்கினார்.

லாப்டாப், டி.ஏ.சி., ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றினோம். எர்த் ஒரே இடத்திலிருந்து வந்தால் உறுமலுக்கு வாய்ப்புக் குறைவு. அதன் பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். பல்ப் எரிந்தது. சத்தமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று பயந்து வால்யூமைத் திருகியபோது அம்மா பேசினார்கள்.

செய்து பார்ப்பவர்களுக்கு

வரிசையாக நினைவில் வையுங்கள். கம்ப்யூட்டரின் பட்டியலில் பலகையின் பெயர் இல்லையென்றால் கேபிளையும் டிரைவரையும் பாருங்கள். பெயர் இருந்து ஒலி இல்லையென்றால் பி.ஸி.கே., இடது வலது க்ளாக் இரண்டிலும் 1.65 வோல்ட் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியென்றால் எக்ஸ்.எஸ்.எம்.டி. காலில் 3.3 இருக்க வேண்டும். வெடிப்பு என்றால் தொங்கும் காலைத் தேடுங்கள். கரகரப்பு என்றால் எஃப்.எம்.டி. பொட்டைப் பாருங்கள். 44,100 கணக்கில் பதிந்த பாட்டு ஓடி, 48,000 கணக்கில் பதிந்தது ஓடவில்லையென்றால் யு.எஸ்.பி. பலகையைச் சந்தேகியுங்கள், பல பலகைகளில் இரண்டு கணக்குக்கும் தனித்தனி ஆஸிலேட்டர் வைத்திருப்பார்கள்.

இந்த டி.ஏ.சி.யின் வெளியீடு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை வரும். ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் செருகுங்கள். மைக் துளையில் வேண்டாம். முதல் தடவை வால்யூமைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

உறுமல் என்றால் சார்ஜரை எடுத்துவிட்டுக் கேளுங்கள். போய்விட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், மூன்றாவது பின்னைக் கழற்ற வேண்டாம். வீட்டில் யாராவது "தொட்டா சுர்ருங்குது" என்றால் அன்றைக்கே கவனியுங்கள். டி.ஏ.சி. செய்கிறீர்களோ இல்லையோ, இது எல்லோருக்கும்.

பரணில் கேஸட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நம் ஊர் ஈரத்தில் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். எங்கள் 11-இல் இரண்டு அப்படி ஆகிவிட்டன. அவற்றைச் சுத்தம் செய்தும் பாதிக்கு மேல் குரல் மீளவில்லை. அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அம்மா ஏதோ சொல்லி நிறுத்திய இடத்தில், பின்னால் "கிறீச், கிறீச்" என்று ஒரு சத்தம். பேத்தி ஸ்பீக்கரைத் தட்டினாள். பையன் உடனே கம்பிகளைப் பார்க்கக் குனிந்தான்.

"கோளாறு இல்லப்பா" என்றேன். "அது எங்க வீட்டுக் கிணத்து ராட்டினம். யாரோ தண்ணி இறைக்கிறாங்க."

இத்தனை வருஷமாக அந்த உறுமலுக்கு அடியில் அது இருந்திருக்கிறது.